எண்ணூறு அடிக்குக் கீழே

போர்வெல் வண்டியில் வேலை பார்ப்பவனுக்கு மனுஷர் முகத்தைவிடக் கல்லின் முகம்தான் அதிகம் பழக்கம். கல்மாவைத் தின்று, “இன்னும் எம்புட்டு அடி?” என்ற கேள்விக்கு நாள் பூரா பதில் சொல்லி நொந்துபோன சகாக்களே, உங்களுக்குத்தான் இது.

வெதுவெதுத் தண்ணீர்

சேத்தூரில் ரோசம்மாள் அக்காவின் தோட்டம். முன்னால் போட்ட இரண்டு குழியும் வறண்டு, தென்னையெல்லாம் மட்டை தொங்கிக் கிடந்தது. எண்ணூறு அடியில் பாறை வெடிப்பு ஒன்று அகப்பட்டுத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. அக்கா ஓடிவந்து இரண்டு கையிலும் ஏந்தினார்கள். மார்கழிக் குளிரில் அது வெதுவெதுவென்று இருந்தது.

கீழே போகப் போகச் சூடு கூடும், நாம் துளைத்தது பூமியின் மேல்தோலில் ஒரு கீறல்தான், அதற்கடியில் ஆயிரம் மைலுக்கு மேல் கனத்த பாறை, அதற்கும் கீழே உருகிய இரும்பு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அக்கா ஈரக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றார்கள்.

“அம்புட்டு நெருப்பு மேலயா தம்பி எம் பிள்ளைகள நடக்க விட்டேன்?”

சிவப்பு மணி

இராஜபாளையத்தில் மலையடிவாரத்தில் ஒரு குழி. கல்லூரியில் நிலவியல் நடத்தும் மேடம் ஒருவர் கல் எடுக்க வந்திருந்தார். நாங்கள் வெளியே தள்ளிய கல்பொடியைக் கழுவி, உள்ளங்கையில் வைத்து லென்ஸில் பார்த்தார். நடுவில் குட்டிக் குட்டியாகச் சிவப்பு மணிகள். இருபது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவான கல்லாம் இது. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருஷமாகக் கரைந்து கரைந்து, இது வெளியே வந்ததாம். பதினைந்து வருஷமாகப் பூட்ஸ் காலோடு மிதித்த கல். என்னையறியாமல் காலைப் பின்னால் எடுத்தேன்.

எங்கள் வண்டியில் துளைக்கும் ராடு மாட்டும் முத்துப்பாண்டியும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்போ நாம எதுக்குண்ணே தோண்டணும்? செத்த நேரம் உக்காந்திருந்தா தண்ணியும் தானா மேல வரும்லா?”

மடகாஸ்கரிலிருந்து ஒரு போன்

அடுத்த வருஷம் முத்துப்பாண்டி ஒரு போர்வெல் வண்டியோடு மடகாஸ்கர் தீவுக்கு வேலைக்குப் போய்விட்டான். தளவாய்புரத்தில் அருளப்பன் அண்ணாச்சி நிலத்தில் நான் நிற்கும்போது வீடியோ காலில் வந்தான். “இதப் பாருண்ணே” என்று ஒரு கை கல்பொடியை நீட்டினான். அதே சாம்பல் நிறம், அதே சிவப்பு மணி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தத் தீவும் நம் மண்ணும் ஒருகாலத்தில் ஒரே நிலம், பிளந்து விலகியதில் நடுவே கடல் புகுந்தது, நம் பக்கம் இன்னமும் வருஷத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை வடக்கே நகர்கிறது என்று மேடம் சொன்னதை அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அவர் தன் குழியின் பொடியை அள்ளி, போன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காலையிலிருந்து வெறும் புழுதிதான்; சற்று முன்புதான் ‘போதும், நிறுத்திருங்க’ என்று சொல்லியிருந்தார். பிறகு போனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“ஏலே, அங்கனயாவது தண்ணி வந்துச்சா?”

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, கண்டங்களே நகர்ந்துவிடும், ஆனால் குழியை நாலடி தள்ளிப் போடலாம் என்றால் தோட்டக்காரர் மட்டும் நகரமாட்டார்.