கடலைக் கடந்த கலியாணமும் பத்து மீற்றர் வயரும்

மகளுக்கு ரொறன்ரோவில் கலியாணம். எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. அனலைதீவிலிருந்தே தாலிகட்டைப் பார்க்க, நயினாதீவில் இருக்கும் தங்கச்சி வீட்டு இணையத்தைக் கடலுக்கு மேலால் பிடித்தேன். இரண்டு வீட்டு மாடியிலும் அன்ரனா. கம்பியூட்டரை மாடியில் வைத்துப் பார்த்தபோது படம் பளிங்காக வந்தது.

கலியாணத்தன்று, சொந்தக்காரர் வசதியாக இருக்கட்டுமே என்று கம்பியூட்டரைக் கீழே ஹோலுக்கு இறக்கி, அதன் வைபை கார்ட்டிலிருந்து மாடி அன்ரனாவுக்கு மெல்லிய பத்து மீற்றர் வயர் இழுத்தேன். திரை வெறுமையானது. இரண்டு முனையையும் கழற்றிக் கழற்றிப் பூட்டியும் பலனில்லை. முகூர்த்தம் நெருங்கியது.

"இஞ்சாருங்கோ, கடலைக் கடந்து வந்த சிக்னல் எங்கடை சுவரடியிலையோ தாழுது?" மனைவி கேட்டா.

"ஓமப்பா, இந்த மெல்லிய நீள வயர்தான் சிக்னலைக் குடிக்குது."

"அப்ப எழும்புங்கோ, எல்லாரும் மேலை ஏறுவம்!"

கதிரைகளும் பட்டுச்சேலைகளும் படியேறின. அன்ரனாப் பெட்டியோடு வந்த ஒரு முழ வயரைப் பூட்டினேன்; படம் திரும்பி வந்தது. அங்கே காலை, எங்களுக்குப் பின்னேர வெயில். மகள் தாலிக்குத் தலை குனிந்தாள். நாங்கள் எறிந்த அறுகரிசி திரையில் தெறித்தது. எதிரே கடல் புரண்டுகொண்டிருந்தது. அதன் மேலால், ஒரு துளியும் நனையாமல், என் பிள்ளை வந்துகொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் கடையில் கட்டையான, ஒரு முழத்துக்கு மிஞ்சாத, தடித்த வயரைத்தான் கேட்கிறேன். அது எட்டாவிட்டால், கதிரையைத் தூக்கிக்கொண்டு நான் மேலே போகிறேன்.