மூலைச் சுவரில் அம்மா

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தின் பின்பக்கச் சுவரை என் கண்ணைவிட மூக்குதான் முதலில் தெரிந்துகொண்டது. சாதிச் சான்றிதழ் வாங்குவதற்காக, பதினோரு வயதில் அம்மாவோடு முதல் முறை மலையிலிருந்து இறங்கி வந்தேன். எங்கள் பஸ் அந்தச் சுவரோரம்தான் வந்து நின்றது. படியில் கால் வைப்பதற்குள் மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. அம்மா தன் முந்தானையால் என் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டவுனுன்னா இப்பிடித்தான் இருக்கும்போல" என்றாள்.

அதன்பிறகு நான் பத்தாவது முடித்து, பன்னிரண்டாவது முடித்து, அதே கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. தாவரவியல் படிக்க வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. நான் இவ்வளவு தூரம் வந்தும் அந்தச் சுவர் மட்டும் அப்படியேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைச் சுத்தம் செய்ய ஒரு குழு இருந்தது. இருபது பேர் இருப்போம். கடைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு தனியார் பள்ளியின் டிராயிங் சார். சார்தான் தலைவர். அடுத்து பஸ் நிலையச் சுவர் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் நான் முதல் ஆளாகக் கை தூக்கினேன். பழிவாங்கும் ஆசைதான், வேறென்ன.

இரண்டு வாரம் சுரண்டினோம். சினிமா போஸ்டர், கண்ணீர் அஞ்சலி, மூல நோய் விளம்பரம், அதற்கும் அடியில் எச்சில் கறை. எங்களுக்கு முன்பே யாரோ அங்கே சாமி படம் போட்ட டைல்ஸ் பதித்திருந்தார்கள். பிள்ளையார், மேரி மாதா, மெக்கா என்று வரிசையாக மூன்று. மூன்றுக்கும் இடையில் இருந்த சந்தில் குறி பார்த்து அடித்திருந்தார்கள்.

எங்களுக்குப் பெயின்ட் இலவசமாகக் கொடுத்த கடைக்கார பாய் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மூணு பேரு காவலுக்கு நின்னும் அடங்கலியே. இவனுங்களுக்கு இன்னாதாம்மா பயம்?"

பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, வெள்ளை அடித்து முடித்ததும் சார் சுவர் முழுக்கச் சாக்பீஸால் மாவட்டத்தை வரைந்தார். நல்ல கை அவருக்கு. கோமுகி அணை, கரும்பு வயல், மரத்தில் சிற்பம் செதுக்குகிறவர், டிராக்டர் ஓட்டும் விவசாயி. விவசாயியின் சட்டைப் பையில் ஒரு செல்போன்கூட இருந்தது. எனக்கு வானத்துக்கு நீலம் அடிக்கும் வேலை. மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்தபோது, என் விடுதித் தோழி கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"ஏய், சீக்கிரம் வாடி! உங்க ஆளுங்கள வரைஞ்சிட்டாரு சார்!"

சுவரின் கடைசி மூலை. மலை பஸ் நிற்கும் இடம், நாற்றம் அதிகமாக இருந்த இடம். அங்கே இடுப்பில் இலை கட்டிய ஒரு ஆண். தலையில் இறகு, கையில் ஈட்டி. பக்கத்தில் இலை கட்டிய ஒரு பெண், கழுத்தில் எலும்பு மாலை. நடுவில் நெருப்பு. என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கத் தோழி போனை எடுத்துவிட்டாள். அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"சார், இது யாரு?" என்று கேட்டேன்.

"மலைவாசிம்மா."

"எந்த மலை?"

"இன்னாம்மா தெரியாத மாதிரி கேக்கற. நம்ம கல்வராயன் மலைதான்."

"நான் அங்கதான் சார் பொறந்தேன். எங்க ஊர்ல யாரும் எல கட்டி நான் பாத்ததில்ல."

"அது அந்தக் காலத்துலம்மா. பாக்கறவங்களுக்கு ஒடனே புரியணும்ல?"

"அந்தக் காலம்னா எல்லாருக்கும் அந்தக் காலமா இருக்கணும் சார். விவசாயிக்கு டிராக்டர் குடுத்திருக்கீங்க. செல்போன் குடுத்திருக்கீங்க. எங்களுக்கு ஒரு சட்டகூடக் கெடயாதா?"

அதற்குள் ஏணியின் மேலிருந்து செல்போன் கடைக்கார அண்ணன் குரல் கொடுத்தார். "எல புடிக்கலன்னா கையில பாட்டில் குடுத்துடுங்க சார். அப்ப கரெக்டா இருக்கும்."

சிரித்தார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் போதுமான பேர். மலையிலிருந்து வருகிறேன் என்றால், பையில் சாராயமா என்று கேட்பது இந்த ஊரில் பழைய வேடிக்கை. கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகும் அந்த வேடிக்கை சாகவில்லை.

நான் அழுதுகொண்டு விடுதிக்குப் போய்விடுவேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் வெள்ளை டப்பாவைத் திறந்தேன். பெரிய பிரஷ்ஷாக ஒன்றை எடுத்து, முதலில் ஈட்டி, பிறகு இறகு, பிறகு இரண்டு பேரின் இலைகள் என்று வரிசையாக அடித்தேன். நெருப்பை அணைக்க இரண்டு பூச்சு தேவைப்பட்டது.

"குழுவா முடிவு பண்ண வேணாமா? நீ பாட்டுக்கு அடிக்கற!" சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வரையும்போது குழுவக் கேட்டீங்களா சார்?"

அவர் கையில் இருந்த சாக்பீஸை என்னிடம் நீட்டினார். "அப்ப நீயே வரை. வர்ற ஞாயித்துக்கெழம நகராட்சி அதிகாரி வந்து செவுத்தத் தெறக்கறாரு. சனிக்கெழம பாப்பேன். நல்லா இல்லன்னா அந்த எடத்துல ஒரு நீர்வீழ்ச்சி வரைஞ்சிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

அதாவது, ஒரு வாரத்தில் மலையில் தண்ணீர் மட்டும் இருக்கும், மனிதர்கள் இருக்க மாட்டார்கள்.

எனக்கு மனித உருவம் வரையத் தெரியாது. ரெக்கார்டு நோட்டில் வேரின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைந்த கை அது. அதற்கு எப்போதும் முழு மதிப்பெண் வரும், அந்தத் துணிச்சல்தான். போனில் அம்மாவின் படம் ஒன்று இருந்தது. புளி மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, "இன்னாத்துக்கு இப்ப போட்டோ?" என்று என்னை முறைத்த நேரத்தில் எடுத்தது. முழங்காலோடு படம் முடிந்துவிடும். அதைச் சதுரங்களாகப் பிரித்து, சுவரிலும் சதுரங்கள் போட்டு, ஒவ்வொன்றாக வரைந்தேன்.

கல்லூரி விட்டதும் தினமும் நாலரைக்கு வந்து வெளிச்சம் இருக்கும் வரை அடித்தேன். ஊதா சேலை, மஞ்சள் ரவிக்கை. ஒரு கை மற்றதைவிடப் பெரிதாகிவிட்டது. கண்களை மூன்று முறை அழித்து வரைந்ததில் அவையும் கொஞ்சம் பெரிதாகிவிட்டன. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அம்மா என்னையே முறைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சார் வந்தார். கையில் வெள்ளை டப்பா. பாயும் கூட வந்தார்.

சார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கை பெருசா இருக்கு."

"வேல செய்யற கை சார்."

"மூஞ்சி ஏன் இப்பிடி? ஊருக்கு வர்றவங்கள வரவேற்கற மாதிரி ஒரு சிரிப்பு வேணும்ல? நவுரு, வாயை மட்டும் நான் மாத்திடறேன்."

"மாத்தாதீங்க சார்."

"நீ இன்னா எல்லாத்துக்கும்..."

அவர் முடிக்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் வேகமாக வந்தார். வருடக்கணக்கான பழக்கம், எங்களைக்கூடக் கவனிக்கவில்லை. சுவரை நெருங்கி, பேன்ட்டில் கை வைத்து, தலையை நிமிர்த்தினார். நேர் எதிரே, இடுப்பில் கை வைத்து, அம்மா. அந்த ஆள் அப்படியே நின்றார். "ஐயய்ய" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ஜிப்பை இழுத்துவிட்டு, கட்டணக் கழிப்பறைப் பக்கம் நடந்தார்.

பாய் சிரித்த சிரிப்பில் எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். "மூணு சாமியால ஆவாதத உங்கம்மா ஒரே மொறைப்புல முடிச்சிட்டாங்களே!"

சார் டப்பா மூடியைத் திரும்ப அழுத்தி மூடினார். "வாயி இப்பிடியே இருக்கட்டும்" என்றார். அது அவருடைய முடிவு மாதிரியே சொன்னார். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். எதற்கென்று சொல்லவில்லை. அதிகாரி வந்துவிட்டார், ரிப்பன் கட்டியாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் மலை பஸ் வந்து நின்றது. அம்மா இறங்கியதும் பழக்கத்தில் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். பிறகு மெதுவாக இறக்கினாள்.

"நாத்தத்தக் காணோம்?"

"மேல பாரும்மா."

அம்மா பார்த்தாள். நான் எதிர்பார்த்த கண்ணீர் வரவில்லை.

"நானா இது? ஏண்டி, என்னக் கொண்டாந்து மூத்திரச் செவுத்துலயா நிக்க வெச்ச?"

பாய் குறுக்கிட்டு, இப்போது யாரும் அங்கே ஒதுங்குவதில்லை, அதற்குக் காரணமே நீங்கள்தான் என்று நேற்று நடந்ததைச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே சுவரை மேலிருந்து கீழாக அளந்தாள். பார்வை பாதத்தில் நின்றது.

"செருப்பு எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"காலுல செருப்பக் காணோம். நான் செருப்பு இல்லாம என்னிக்குடி பஸ் ஏறினேன்?"

அம்மாவின் கால்களைப் பார்த்தேன். பச்சை வார் வைத்த ரப்பர் செருப்பு. சுவரைப் பார்த்தேன். வெறுங்கால், விரல்களில் செம்மண்கூடத் தீட்டியிருந்தேன். படம் முழங்காலோடு முடிந்துவிட்டதால் பாதத்தை நானாக யோசித்துப் போட்டிருந்தேன். யோசித்தபோது எனக்கு வந்தது வெறுங்கால்தான். இலை கட்டிவிட்ட சாரிடம் அவ்வளவு சண்டை போட்டவள், பெற்ற தாயின் செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

பெயின்ட் பெட்டியைத் திறந்தேன்.

"இப்பவா?" சார் பதறினார். "அதிகாரி கத்திரிக்கோலப் புடிச்சிக்கினு நிக்கறாரும்மா. விழா முடிஞ்சப்பறம் போட்டுக்கலாம்."

"வெறுங்காலோட தெறக்க வேணாம் சார். அஞ்சு நிமிஷம்."

"கேட்டா நான் இன்னா சொல்றது?"

"செருப்பு போட்டுக்கினு இருக்காங்கன்னு சொல்லுங்க."

மண்டியிட்டேன். பாட்டில் என்று சொன்ன செல்போன் கடைக்கார அண்ணன், யாரும் கேட்காமலே பச்சை டப்பாவை எடுத்து வந்து பிடித்துக்கொண்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நான் அவரிடம், "கொஞ்சம் சாச்சிப் புடிங்க" என்று மட்டும் சொன்னேன். பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம், யாரோ மணி கேட்கும் சத்தம். என் கை அவசரப்படவில்லை.

அம்மா பக்கத்தில் வந்து, நான் பார்த்து வரைய வசதியாக வலது காலை ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள்.

"வார நல்லா தடிப்பா போடு," என்றாள். "புதுசு அது."