ஞாயிற்றுக்கிழமை கிளம்பிய வண்டி

"ஏனுங்க மேடம், உங்களுது கியர் வண்டிங்களா, ஆட்டோமேட்டிக்குங்களா?"

கடைக்காரர் வசந்தகுமார் கேட்ட விதம், ராஜகுமாரிக்கு ரத்த வகையை விசாரிப்பதுபோல இருந்தது. கியர் வண்டி என்று சொன்னதும் அவர் முகம் லேசாகச் சுருங்கியதைப் பார்த்தால், கிடைப்பதற்கு அரிதான வகைதான் போலிருக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் கார் சாமான்கள் விற்கும் கடை அது. மலையை விட்டு இறங்கினதுமே வேர்த்து, போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ராஜகுமாரி. வீட்டுக்குள்ளிருந்தே பட்டனை அமுக்கி வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற ரிமோட் வேண்டும். அதற்காகத்தான் கோத்தகிரிப் பக்கத்துக் கட்டபெட்டிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

ஐம்பத்தாறு வயது. மஸ்கட்டில் நர்ஸாக இருந்து, போதும் என்று திரும்பி வந்தவள். சிலோனிலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் கடைசிவரை எஸ்டேட் லைன் வீட்டிலேயே இருந்தவர்கள். அவர்களுக்கென்று மேட்டில் ஒரு வீடு கட்டினாள். கூரை போடுவதற்குள் இருவரையும் காலம் கொண்டுபோய்விட்டது. இரண்டு படுக்கையறை வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான். கோத்தகிரியில் ஒரு கிளினிக்கில் காலை ஷிஃப்ட். விடிந்தும் விடியாமலும் வண்டியை எடுத்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

போன ஜனவரியில் ஒருநாள், கண்ணாடி முழுக்க உறைபனி. அதைச் சுரண்டிவிட்டு, ஐஸ்பெட்டி மாதிரி இருந்த வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். இன்ஜினும் அவளும் சேர்ந்து இருமினார்கள். இன்ஜின் நிறுத்திவிட்டது, அவளுக்கு நிற்கவில்லை. இழுப்பு. கீழ்வீட்டு மூக்கன்தான் ஓடிவந்து, அதே வண்டியை ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மறுநாள் திருப்பூரிலிருந்து தம்பி முத்துராஜ் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னான்: "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, மறுபேச்சு இல்லாம எங்ககூட வந்துரணும்க்கா. மாடியில ஒரு ரூம் சும்மாதான கெடக்கு."

சரி என்று சொல்லிவிட்டாள். அப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது, வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் சும்மா கிடக்கிற அறையில் போய்த் தானும் சும்மா கிடப்பதை நினைத்தால், இழுப்பே தேவலை என்று தோன்றியது. இந்தக் குளிரை மட்டும் ஒழுங்காகத் தாண்டிவிட்டால் தம்பியின் வாயை அடைத்துவிடலாம். வண்டி முன்கூட்டியே சூடாகி நின்றால், கதவைத் திறந்து உட்கார்ந்து போய்விடலாம்.

வசந்தகுமார் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது நல்லதுங்க. ஆனா ராத்திரி நிறுத்துறப்ப ஒரு முறை இருக்குங்க. நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜின் ஓடும்போதே சாவிய உருவிக்கிட்டு எறங்கணும். கதவச் சாத்துனதும் அதுவா ஆஃப் ஆயிரும். அதுக்கப்புறம் யாராவது கதவத் தொறந்தாங்கன்னா காலைல ரிமோட் வேல செய்யாது. கியர்ல இருக்கற வண்டி தெரியாம கெளம்பிறக் கூடாதுன்னு அந்த ஏற்பாடுங்க."

"கதவத் திறந்தாலேவா? நான் மறந்த பையை எடுக்க நாலு தடவ திறப்பேனே."

"அப்ப இதுங்க. இதுல அந்தத் தொல்லையெல்லாம் இல்ல, அமுக்குனா ஸ்டார்ட். நீங்களாப் பாத்து நியூட்ரல்ல நிறுத்திக்கணும். கியர்ல மட்டும் விட்றாதீங்க, வண்டி அப்படியே தாவிரும்."

தொல்லையில்லாததையே வாங்கினாள். பெட்டிக்குள் இரண்டு ரிமோட் இருந்தன. "ஒன்னு நீங்க வெச்சுக்குங்க, ஒன்ன சார்கிட்டக் குடுத்துருங்க," என்றார் வசந்தகுமார். சார் என்று ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதையெல்லாம் திருத்திக்கொண்டிருப்பதை அவள் விட்டு ரொம்ப நாளாயிற்று. "குடுத்துடறேன்," என்றாள்.

மலையில் வண்டி நிறுத்துகிற முறையே வேறு. ஏற்றம் பார்த்து நிறுத்தினால் முதல் கியர், இறக்கம் பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ், சக்கரத்துக்கு ஒரு கல். ஹேண்ட்பிரேக்கை நம்பி நியூட்ரலில் விட்டுவிட்டு வருகிறவர்களை, கோடைக்கு வந்த டூரிஸ்ட்டைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ராஜகுமாரி அந்தப் பழக்கத்தைக் கையிலிருந்து கழற்ற ஒரு வாரம் பாடுபட்டாள். நியூட்ரலில் போட்டுவிட்டு, பயத்தில் நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னுமாகக் கல் வைத்தாள்.

மூக்கன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்னக்கா, காருக்குக் கொலு வச்சிருக்கீங்க?"

ரிமோட் போட்டிருப்பதை அவனிடம் சொன்னாள். நியூட்ரல் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. இந்த மேட்டில் நியூட்ரலில் நிறுத்துகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ரிமோட் நன்றாகவே வேலை செய்தது. சமையலறை ஜன்னலோரம் நின்று பட்டனை அமுக்கினால், பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் கண்ணைச் சிமிட்டும். அப்புறம் இன்ஜின் உறுமத் தொடங்கும். டீயைக் குடித்து முடித்து, சால்வையைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தால் வண்டிக்குள் இதமாக இருக்கும். டிசம்பர் முழுக்க ஒருநாள்கூட இழுக்கவில்லை. தம்பி போன் பண்ணும்போதெல்லாம் குரலில் கொஞ்சம் கெத்தோடு பேசினாள்.

ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாது. கிளினிக் லீவாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் பட்டனை அமுக்க ஆரம்பித்திருந்தாள். முதல் தடவை கைமறதியாகத்தான் நடந்தது. விளக்கு சிமிட்டி, வண்டி உறுமினபோது, வாசலில் யாரோ வந்து தன்னைக் கூப்பிட நிற்பதுபோல ஒரு நினைப்பு. வரேன் வரேன் என்று வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறும் அமுக்கினாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, சாவி போடாததால் கொஞ்சநேரத்தில் வண்டி தானாக ஓய்கிற வரைக்கும் அதன் சத்தத்தோடு உட்கார்ந்து டீ குடித்தாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பச்சைத் தேயிலை ஏற்றிய பிக்அப்பைப் பின்னாலெடுத்து வந்தான் மூக்கன். ராஜகுமாரியின் கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தில் எல்லார் வண்டிக்கும் ஒரு மாற்றுச் சாவி மூக்கன் வீட்டில் தொங்கும். குறுக்கே நிற்பதை நகர்த்திவிட்டு, மறுபடி பத்திரமாக நிறுத்திவிடுவது அவன் வேலை. அன்றைக்கும் அப்படித்தான். ஏற்றம் பார்த்துத் திருப்பி நிறுத்தினான். நியூட்ரலில் இருந்ததைக் கவனித்தபோது, அக்காவுக்கு வயசாகிறது, மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். அக்கறையாக முதல் கியரைப் போட்டு, பின்சக்கரத்துக்கு நல்ல கல்லாகப் பார்த்து அணைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை, டீத் தம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்து ராஜகுமாரி பட்டனை அமுக்கினாள். வெளியே அடர்ந்த பனியில் வண்டி இடம் மாறியிருந்தது அவள் கண்ணில் படவில்லை.

விளக்கு சிமிட்டியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, முன்னால் தாவியது. இன்னொரு தாவு. மேட்டுக் குழாயடியில் இருந்த நீல டிரம்மில் முட்டி, டிரம்மைச் சுவரோடு நசுக்கி, உதறிக்கொண்டு நின்றது. தண்ணீர் வெடித்துக்கொண்டு பாய்ந்தது. அதற்கு நடுவில், இடுப்புக் குடம் கீழே உருள, தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றாள் மூக்கனின் மனைவி சின்னம்மை. ஒரு எட்டு தள்ளி. அவ்வளவுதான் இடைவெளி.

ராஜகுமாரி செருப்பில்லாமல் ஓடினாள். சின்னம்மையின் தோளைத் தொட்டு, கையைத் தொட்டு, முட்டியைத் தொட்டு, ஆஸ்பத்திரியில் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஒன்னுமில்ல சிஸ்டரு, ஒன்னுமில்ல. தண்ணிதான்," என்றாள் சின்னம்மை, பல் கிடுகிடுக்க. "பொங்கலுக்கு முன்னாடியே குளிப்பாட்டிட்டீங்க."

மூக்கன் வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். கியரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான்க்கா கியர்ல போட்டேன். சத்தியமா நல்லதுக்குத்தான் போட்டேன்."

"உன்மேல என்ன இருக்கு? நான் சொல்லியிருக்கணும்."

"சரி, அதை விடுங்க," என்றாள் சின்னம்மை புடவையைப் பிழிந்துகொண்டே. "ஞாயித்துக்கெழமையும் அதுவுமா எங்க கெளம்புனீங்க?"

ராஜகுமாரி ஏதாவது ஒரு ஊரைச் சொல்லியிருக்கலாம். கோயில், மார்க்கெட், தெரிந்தவர் வீட்டு விசேஷம். காலடியில் தண்ணீர் சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கயும் இல்ல சின்னம்மை."

"எங்கயும் இல்லாமயா ஸ்டார்ட் பண்ணீங்க?"

"சத்தம் கேக்கட்டும்னு."

சின்னம்மை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "அதுக்கு வண்டியத்தான் கூப்புடணுமா? ஒரு குரல் குடுத்தா நான் வரமாட்டனா?"

"நீங்க வேலைக்குப் போயிருப்பீங்க."

"இன்னைக்குப் போகல."

"நாளைக்கு?"

சின்னம்மை கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "நாளைக்குப் போயிருப்பேன்தான்," என்றாள்.

கடைக்காரருக்குப் போன் போட்டபோது அவர் சமாதானம் சொன்னார்: "சாவிய யாருகிட்டயும் குடுக்காதீங்க மேடம். குடுக்கலீனா ஒரு பிரச்சனையும் வராதுங்க." ராஜகுமாரி அதை நன்றாக யோசித்துப் பார்த்தாள். போன ஜனவரியில் மூக்கன் கையில் சாவி இல்லாமல் இருந்திருந்தால், இன்றைக்கு ரிமோட் வாங்க ஆளே இருந்திருக்காது. திங்கட்கிழமை கோத்தகிரி மெக்கானிக்கிடம் சொல்லி, அந்தக் கருவியைக் கழற்றி எடுக்கச் சொன்னாள். பிறகு கிளினிக்குக்குப் போய், இனிமேல் மதிய ஷிஃப்ட் கொடுங்கள் என்று கேட்டாள். டாக்டர் ஜூடித் உடனே சரி என்றுவிட்டார். "நானே எப்பவோ சொல்லியிருப்பேன் சிஸ்டர். நீங்கதான் காலை ஷிஃப்ட்டை விடமாட்டேன்னு பிடிவாதமா இருந்தீங்க."

பிடிவாதத்துக்குக் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். இருட்டோடு கிளம்பிவிட்டால், அந்த வீட்டின் காலைநேரத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.

ராத்திரி முத்துராஜ் கூப்பிட்டான். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப என்னக்கா, வந்துடறியா?"

"இழுப்பு வந்தா வரேன்னுதானே சொன்னேன். வரலையே."

"தனியா என்னதான் பண்ணுவே அங்க?"

"தெரியல தம்பி. பாக்கறேன்."

மதிய ஷிஃப்ட்டின் முதல் நாள் காலையில், வழக்கம்போல இருட்டோடு விழிப்பு வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் மூச்சு படிந்தது. கீழே சின்னம்மையும் இன்னும் நாலைந்து பேரும் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, யாரையோ கேலி செய்து சிரித்தபடி இறங்கிப் போனார்கள். சிரிப்பு வளைவுவரை கேட்டது, பிறகு கேட்கவில்லை. தேயிலைமேல் பனி வெள்ளையாகக் கிடந்தது. ராஜகுமாரி அடுப்பைப் பற்றவைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள். வெயில் இந்த மேட்டுக்கு ஏறி வர இன்னும் வெகுநேரம் இருந்தது.