மகளின் சோதனையில் நான் சித்தியடைந்த கதை

என் மகளுக்கு ஏழு வயதில் வைத்த சோதனை ஒன்றில் நான் அதிவிசேட சித்தி அடைந்தேன். வாழ்க்கையில் நான் சித்தியடைந்த ஒரே பெரிய சோதனை அதுதான். பிறகு அந்தச் சித்தியை ரத்துச் செய்யுங்கள் என்று நானே மனுப் போட வேண்டி வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பலெர்மோ நகரில் காலையில் இரண்டு வீடுகளைத் துடைப்பேன். பின்னேரம் ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் வைத்து உலாத்துவேன். மகள் கபோச் சந்தைக்குப் பின்னாலிருந்த பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. அவள் வாய்க்கு ஒரு குறையுமில்லை. மீன்காரன் கூவினால் அவனை விட நன்றாகத் திருப்பிக் கூவுவாள். பாட்டோ கதையோ ஒருதரம் காதில் விழுந்தால் போதும், அப்படியே ஒப்புவிப்பாள். எழுத்துக்குத்தான் அவளோடு கோபம். நேற்றுத் தெரிந்த எழுத்து இன்றைக்குத் தெரியாது. கொப்பியில் எழுத்துகள் மழைக்கு ஒதுங்கிய சனம் மாதிரி ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் வாசிக்க, அவள் கடைசி வாங்கிலிருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

வகுப்பு ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு மிகவும் தெளிவாகத்தான் சொன்னார். சுகாதாரப் பகுதி வைத்தியர் பிள்ளையைப் பார்த்து, இவளுக்கு உதவி தேவை என்று கடிதம் தந்தால், பக்கத்தில் இருந்து படிப்பிக்க ஒரு துணை ஆசிரியை வருவார். கடிதம் இல்லாவிட்டால் வரமாட்டார். அப்படி ஒருவரும் வராவிட்டால் பிள்ளை திரும்பவும் இரண்டாம் வகுப்பில்தான் இருப்பாள். அந்தக் கடிதத்துக்குத் தகப்பன் விண்ணப்பிக்க வேண்டும், வைத்தியர் ஒரு சின்னச் சோதனை வைப்பார்.

இவ்வளவு விளக்கத்திலும் என் காதுக்குள் போனது ஒரே ஒரு சொல். சோதனை.

யாழ்ப்பாணத்துத் தகப்பனிடம் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. எதைச் சோதிக்கிறார்கள், ஏன் சோதிக்கிறார்கள் என்றெல்லாம் அவன் கேட்க மாட்டான். எந்தத் திகதி, எத்தனை கேள்வி, பழைய பேப்பர் எங்கே எடுக்கலாம் என்றுதான் கேட்பான். விண்ணப்பத்தை இரண்டு தரம் பிழையாக நிரப்பி, மூன்றாம் தரம் வரிசையில் நின்று கொடுத்தபோது ஐந்து கிழமை தள்ளி நாள் தந்தார்கள். "ஐயோ, இவ்வளவு நாள் பாத்துக்கொண்டிருக்கிறதோ?" என்றாள் மனைவி. "அஞ்சே அஞ்சு கிழமைதானோ?" என்றேன் நான்.

பழைய பேப்பர் பல்லரோச் சந்தையில் கிடைத்தது. அங்கே எங்கள் ஆள் ஒருவர் அரிசியும் கறித்தூளும் விற்கும் கடை வைத்திருந்தார். அவருடைய பிள்ளைக்கும் போன வருடம் இதே சோதனை நடந்தது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அண்ணை, உங்கடை பிள்ளைக்கு என்ன கேட்டவை?"

"படம் காட்டினவை, கட்டை அடுக்கச் சொன்னவை. ஏன் தம்பி?"

"எத்தினை படம்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"உமக்கென்ன விசரே? அது டொக்டர் பாக்கிறது. ஏ.எல். சோதனையே?"

அப்படித்தான் சொன்னார். ஆனால் அவரும் யாழ்ப்பாணம்தானே. கடையில் நின்ற ஒரு சிஞ்ஞோராவுக்கு, இத்தாலியப் பெண்மணிக்கு, அவசரமாகப் பருப்பு நிறுத்து அனுப்பிவிட்டு, சோதனை அறைக்குள் தான் இருந்து பார்த்த எல்லாவற்றையும் அரிசிச் சாக்கின் கடதாசியில் வரிசையாக எழுதித் தந்தார். வாசிக்கக் கொடுத்த பந்தி எந்தப் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது என்பதும் அவருக்கு நினைவிருந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நான் தந்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதையும்" என்றார். அரசாங்கக் கேள்வித்தாளைக் களவாக வெளியே விட்ட ஆளின் முகம் அவருக்கு.

ஐந்து கிழமையும் எங்கள் வீட்டில் ரியூசன் நடந்தது. சப்பாத்துப் பெட்டி மட்டைகளில் முள்ளில்லாத மணிக்கூடு, மூன்று கால் கதிரை, ஒரு காது மட்டும் உள்ள முகம் எல்லாம் கீறினேன். "என்ன குறையுது?" என்று நான் கேட்டு முடிக்கும் முன்னே மகள் விடை சொல்லுவாள். பந்தி ஒரு கோழியையும் நரியையும் பற்றியது. நான் விரலை வைத்து உரக்க வாசிப்பேன், அவள் என் பின்னால் சொல்லுவாள். இரண்டாம் கிழமையே தனியாக 'வாசிக்க'த் தொடங்கிவிட்டாள். நான் தேத்தண்ணி குடிக்க நிறுத்துகிற இடத்தில் அவளும் நிறுத்துவாள். அதைக் கண்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பெருமைதான் வந்தது.

சோதனை நாளில் டொக்டர் அம்மா முதலாவது படத்தை எடுக்க முன்னமே மகள் "காது!" என்றாள். கோழியும் நரியும் தண்ணியாக ஓடின. தேத்தண்ணி இடம் வந்ததும் நிறுத்தி, மூச்சு விட்டுத் தொடர்ந்தாள். டொக்டர் அம்மா தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். கடிதம் வந்தது. பிள்ளைக்கு எந்தச் சிரமமும் இல்லை, உதவி தேவையில்லை, வீட்டுச் சூழல் மிகவும் ஊக்கமானது.

அந்த 'ஊக்கமானது' நான்தான். அன்றைக்கே மகளை மொண்டெல்லோக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பாணுக்குள் வைத்த ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று.

அடுத்த நாள் ஆசிரியை கடிதத்தை வாசித்தார், பிறகு என்னைப் பார்த்தார். மகளின் கொப்பியை விரித்துக் காட்டினார். 'கோழி' என்ற சொல் நாலு இடத்தில் நாலு விதமாக இருந்தது. நாலும் கோழியில்லை. இந்தக் கடிதம் இருக்கும்வரை துணை ஆசிரியை வரமாட்டார், நீங்கள் உடனே ரிக்கோர்சோ போட வேண்டும் என்றார். ரிக்கோர்சோ என்றால் முடிவை எதிர்த்து எழுதும் மேன்முறையீடு. அதாவது என் பிள்ளை நீங்கள் சொல்லுமளவுக்குக் கெட்டிக்காரி இல்லை என்று நான் அரசாங்கத்தோடு வாதாட வேண்டும். எங்கள் பரம்பரையிலேயே ஒருவரும் செய்யாத வேலை.

வீட்டில் மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள். "இஞ்சேருங்கோ, அவை பிள்ளைக்கு உதவி தாறதுக்குத்தான் கூப்பிட்டவை. நீங்கள் உதவி வேண்டாம் எண்டு வெண்டுகொண்டு வந்து ஐஸ்கிறீமும் குடிச்சிருக்கிறியள்."

மேன்முறையீட்டை நான் காலையில் துடைக்கிற வீட்டுச் சிஞ்ஞோராதான் தட்டச்சுச் செய்து தந்தார். ஒரு காலத்தில் சட்டத்தரணியிடம் வேலை செய்தவர். டொக்டர் பிழை விட்டுவிட்டார் என்று தொடங்கினேன். என்ன பிழை என்று கேட்டார். நான் சுத்தமாக இருந்த கண்ணாடிக் குவளையைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். மூன்றாம் குவளையில் உண்மை வெளியே வந்தது. சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு மாட்டிக்கொண்டு, 'கீழே ஒப்பமிடும் தகப்பனாகிய நான், விடைகளை என் மகளுக்கு முன்கூட்டியே மனப்பாடம் செய்வித்தேன்' என்று தட்டினார். 'சிறிதளவு உதவினேன்' என்று போடலாமா என்று கேட்டேன். இல்லை என்றார்.

ஒப்பம் வைத்த நாளிலிருந்து, சோதனையில் களவு செய்தவன் என்று பொலிஸுக்கு எழுதுவார்களோ, வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க மாட்டார்களோ, கோழி நரிக் கதைக்காக நாடு கடத்தப்பட்ட முதல் ஆள் நானோ என்று கிழவரை உலாத்தும்போதெல்லாம் யோசனை. கிழவரை ஒரே சந்தியில் நாலு தரம் சுற்றியிருக்கிறேன். அவர் குறை சொல்லவில்லை.

இரண்டாம் சோதனைக்கு நாள் வந்ததும் எனக்குப் பழைய புத்தி திரும்பியது. மகளை மெல்லப் பக்கத்தில் இருத்தினேன். "பிள்ளை, இந்த முறை டொக்டர் அம்மா கேட்டா, கொஞ்சம் தெரியாத மாதிரி..."

மனைவி அகப்பையோடு வந்து நின்றாள். "தோக்கிறதுக்கும் ரியூசனோ?"

நான் வாயை மூடினேன். மகள் மூடவில்லை.

"அப்பா, அண்டைக்கு நான் பிழையாச் சொன்னனானோ?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் நான். அன்றைக்கு அதை எடுக்காமல் அவள் பக்கம் திரும்பினேன்.

"இல்லையம்மா. நீங்கள் எல்லாம் சரியாச் சொன்னனீங்கள். பிழை விட்டது அப்பா."

"அப்ப ஏன் எனக்குத் திருப்பி ரெஸ்ற்?"

"அப்பான்ரை பிழையைத் திருத்த."

யோசித்துவிட்டு, "சரி" என்றாள். பெரிய மனது.

டொக்டர் அம்மாவின் மேசையில் என் ஒப்புதல் வாக்குமூலம் கிடந்தது. மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, கதவைக் காட்டினார். நான் நடையில் நின்று, சுவரில் தொங்கிய தீயணைக்கும் கருவியின் விளக்கத்தை ஆறு தரம் வாசித்தேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே புதுப் பந்தி ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும். கடதாசி திருப்புகிற சத்தம். பிறகு சந்தை இத்தாலியனில் என் மகளின் குரல் கேட்டது.

"இது எங்கடை வீட்டிலை இல்லை. இதை அப்பா இன்னும் படிக்கேல்லை."

டொக்டர் அம்மா சிரித்ததும், அப்பா கிடக்கட்டும், உனக்குத் தெரிந்த எழுத்தை மட்டும் காட்டு என்றதும் கேட்டது. மகள் ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினாள். ஒரு எழுத்து, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இன்னொன்று. ஐந்து கிழமை அவளுக்குப் பக்கத்தில் இருந்தும் அந்த இடைவெளியை நான் கேட்டதில்லை. அதற்கு நான் இடம் விட்டதுமில்லை.

கடிதம் வந்தது. எழுத்தை வாசிப்பதில் பெரும் சிரமம், துணை ஆசிரியை அவசியம். வீட்டுச் சூழலைப் பற்றி இந்த முறை ஒரு சொல்லும் இல்லை. நான் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பல்லரோவுக்கு ஓடினேன்.

"என்ன தம்பி, பாஸோ பெயிலோ?" என்றார் கடைக்கார அண்ணை.

"பெயில் அண்ணை! வடிவான பெயில்!"

அவர் எழும்பி வந்து கை தந்தார். பிள்ளைக்கென்று ஒரு பிஸ்கற் பெட்டியை எடுத்து வைத்தார். பிறகு வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மட்டையள் இருக்கே? இன்னொருத்தற்றை பிள்ளைக்கும் சோதனை வருதாம். தகப்பன் வந்து கேட்டவர்."

"அதுகளிலை மகள் நிறம் தீட்டிப் போட்டாள், அண்ணை. அந்த ஆளை நேரை என்னட்டை அனுப்புங்கோ. ரிக்கோர்சோ தட்டுற சிஞ்ஞோரான்ரை வீட்டைக் காட்டிவிடுறன்."