நொறுங்காத ரொட்டி

ரொட்டியின் விளிம்பை இரண்டு விரலால் அழுத்திப் பார்க்கிறாள் ரதீபா. வளைகிறது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பாலாடைக்கட்டி வடிக்கும் ஈரத்துணியில் சுற்றிக் கூடைக்குள் வைக்கிறாள். கல்யாண விருந்தானாலும் இழவு வீடானாலும் அந்தக் கூடை இல்லாமல் அவள் வாசலைத் தாண்டுவதில்லை.

நைல் வாய்க்கால் ஓரத்து இந்த ஊரில் ரொட்டியை அப்பளம்போல் மெல்லிசாகத் தட்டி, மொத்தமாகச் சுட்டு, மொறுமொறுவென்று காயவைத்து அடுக்கிவிடுவார்கள். சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு வீடு நொறுங்கும் சத்தம் கேட்கும். ரதீபா வீட்டில் மட்டும் கேட்காது. "பல்லு போனவங்க வீட்டுல சாப்பிடற மாதிரியே இருக்கு" என்பாள் அவள் புருஷனின் அண்ணி இன்சாஃப்.

ரதீபா சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். வாடிக்கையாளரைத் திட்டாமல் எடை போடத் தெரியாது. "நேத்து எவகிட்ட வாங்கினே? இன்னைக்கு மட்டும் என் மேல என்ன பாசம் பொத்துக்கிட்டு வருது?" திட்டு வாங்கியவர்கள்தான் மறுநாளும் வருகிறார்கள்.

முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதற்கு ஷஹாத்தா என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் பிச்சை என்று வைப்பதுபோலத்தான். வளர வளர அவன் வயிறு முன்தள்ளியது. பையன்கள் தர்பூசணி என்று கூப்பிட்டார்கள். ரதீபாவுக்கோ பெருமை பிடிபடவில்லை. எருமைப்பால் உடம்பில் ஒட்டுகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். கண்பட்டுவிடப் போகிறதே என்று அந்த வயிற்றுக்கு நேராகச் சட்டையில் நீலமணி ஒன்றைத் தைத்தும் விட்டாள்.

இன்சாஃபின் மகள் நிச்சயதார்த்தத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த ஷஹாத்தா ரத்தமாக வாந்தி எடுத்தான். வாய்க்கால் தண்ணீரிலிருந்து உடம்புக்குள் போன புழு ஈரலைக் கெடுத்துவிட்டது, போக வழியில்லாத ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்கிவிட்டது, உணவுக்குழாயின் நரம்புகளும் புடைத்து நிற்கின்றன என்றார் டாக்டர். பந்து விளையாடக் கூடாது, கரடுமுரடாக எதையும் விழுங்கக் கூடாது, கீறினால் மறுபடி ரத்தம் கொட்டும். ரதீபா வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, நீலமணியைப் பிய்த்து எறிந்தது.

இங்கே விருந்தாளி வேண்டாம் என்றால், ஆண்டவன் மேல் ஆணையிட்டுத் திணிப்பார்கள். மறுத்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். ஒரு பெருநாளில் இன்சாஃப் அப்படி ஆணையிட்டு, பையன் கையில் மொறுமொறு ரொட்டியைத் திணித்தாள். ரதீபா அதைப் பிடுங்கி வாத்துகளுக்கு வீசினாள். ஒரு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை.

அந்த வாய்க்காலில்தான் அவளும் நீச்சல் பழகினாள். எருமை முதுகில் நின்று குதித்தது, பாவாடைக்குள் காற்று அடைத்துக்கொண்டு மிதந்தது, கரையேறியதும் காய்ந்த ரொட்டியும் வெங்காயமும் தின்றது எல்லாம் சொல்லும்போது குரல் இளகிவிடும். "பிள்ளையைக் கெடுத்த தண்ணி அது. ஆனா அது மேல கோவமே வரமாட்டேங்குது. அதை நெனச்சாத்தான் என் மேலயே எனக்குக் கோவம்."

தொண்டைக்குள் குழாய் விட்டு, புடைத்த நரம்புகளை ஒவ்வொன்றாகக் கட்டி, அதிலேயே வருஷங்கள் போயின. ஷஹாத்தாவுக்கு மீசை அரும்பிவிட்டது. கடைசியில் ஒருநாள் குழாயை எடுத்துவிட்டு, இப்போது புடைப்பு எதுவும் இல்லை என்றார் டாக்டர். மண்ணீரல் இன்னும் பெரிதுதான், பந்து வேண்டாம், சோதனைக்கு மட்டும் தவறாமல் வரவேண்டும். ஆனால் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம். தாயும் மகனும் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

வழியில் இன்சாஃப் வீடு. அவள் அடுப்படியில் இருந்தாள். சேதி கேட்டும் ஆணை எதுவும் இடவில்லை, சாப்பிடு என்றும் சொல்லவில்லை. ஷஹாத்தாவே அடுக்கிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தான்.

"உம்மா, கடிக்கட்டுமா?"

ரதீபா கூடையை இறுக்கிப் பிடித்தாள்.

"மெதுவாடா."

நொறுங்கிய சத்தத்தில் இன்சாஃபின் கை அடுப்பு வாயிலேயே நின்றுவிட்டது. ரதீபாவின் உள்ளங்கை அதற்குள் மகனின் மோவாய்க்குக் கீழே ஏந்தி நின்றது. அதில் தூள்தான் விழுந்தது. விரித்து உற்றுப் பார்த்தாள். பிறகு அப்படியே தன் வாயில் போட்டுக்கொண்டாள்.