பரிசீலனையில் இருக்கிறது

கண் டாக்டர் சொன்னதை நான் கீழ்நிலை உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன். கர்நாடக மாநில அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு எப்படி எடுத்துக்கொள்ளத் தெரியும்? எந்த உத்தரவுக்கும் மேலே ஒருவர் இருப்பார், அவரிடம் மேல்முறையீடு செய்யலாம். என் மனைவியின் இரண்டு விழித்திரைகளும் ஓரத்திலிருந்து உள்நோக்கி அழிந்துகொண்டு வருகின்றன, பரம்பரையாக வரும் நோய், சிகிச்சை கிடையாது, வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று அவர் சொல்லி முடித்ததும், நோயின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னேன். மேல்முறையீட்டுக்கு முதலில் விஷயத்தின் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

அவளுக்கு நேரே இருப்பது பளிச்சென்று தெரியும். பக்கத்தில் இருப்பது இல்லாமல் போய்விடும். மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் பீன்ஸைக் கையில் எடுத்ததும் முற்றல் என்று சொல்லிவிடுவாள். திரும்பும்போது அங்கே நிற்கும் சைக்கிளில் இடித்துக்கொள்வாள். அந்த நேரே தெரிகிற வட்டம் மூடுவதற்குள் ஏதாவது கிடைக்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. வேறு கேள்வியே அப்போது வீட்டில் இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. எங்கள் தெருமுனையில் ஒரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பிளைவுட் தடுப்புக்குள் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். முதல் நாள் நான் தேடும் பெட்டியில் ஒரு மனுவே எழுதினேன். ஆங்கிலத்தில், முழு வாக்கியமாக: என் மனைவிக்கு இன்ன நோய், தயவுசெய்து தகுந்த சிகிச்சையைத் தெரிவிக்கவும். இயந்திரம் 'தயவுசெய்து' என்பதை மட்டும் மரியாதையாக எடுத்துக்கொண்டு, ஏதோ ஒரு ஹோட்டலின் விதிமுறைகளைக் கொண்டுவந்து காட்டியது.

நோயின் பெயரையும் 'குணம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் மட்டும் போட்டபோது உலகமே திறந்துகொண்டது. எண்ணெய், ஊசி, உள்ளங்காலில் மின்சாரம், தேனீக்கொட்டு. எல்லாவற்றிலும் குணம். வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் அன்று காபியில் சர்க்கரை போட மறந்தாள். நானும் சொல்லாமல் குடித்தேன்.

பிறகு என் பழைய புத்தி தலைகாட்டியது. எந்தக் காகிதம் மேசைக்கு வந்தாலும் மூன்று விஷயங்கள் பார்ப்பேன். கையெழுத்து யாருடையது, தேதி என்ன, இது நிறைவேறினால் யாருக்கு லாபம். அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்து இல்லை, தேதி இல்லை. லாபம் மட்டும் அடியில் தெளிவாக இருந்தது, கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்டு.

ஒரு மூலிகை எண்ணெயை மட்டும் மூன்று வேறு வேறு பக்கங்கள் பரிந்துரைத்தன. மூன்று சாட்சி என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றையும் வரிவரியாகப் படித்தபோது, விழித்திரை என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் மூன்றிலும் ஒரே எழுத்துப் பிழை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுதிய குறிப்பின் கீழ் நான்கு பேர் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதுவோம். அந்த ஐந்து கையெழுத்துக்கும் மூளை ஒன்றுதான். இதுவும் அதே ஜாதி.

ஆனால் அந்த எண்ணெய்ப் பக்கத்தில் ஒரு பெண்மணியின் சாட்சியம் இருந்தது. பெங்களூர், ஜோகுபாளையம். 'என் பேரனின் முகத்தை மறுபடியும் முழுதாகப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தாள். இதை என் மனைவியிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஜோகுபாளையமா? அல்சூர் பக்கம்தானே, பஸ்ல போயிடலாமே," என்றாள். "நேர்லயே கேட்டுடலாம்ங்க. பொம்பளைக்குப் பொம்பள பொய் சொல்ல மாட்டா."

"அட்ரஸ் இல்ல."

"அந்த ஏரியால யாருக்குக் கண்ணு வந்துதுன்னு கேட்டா, கோயில் வாசல்ல பூ விக்கறவளே சொல்லுவா. நாளைக்குக் காலைல போறோம்."

மறுநாள் அவள் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது நான் பத்தே நிமிடம் என்று சொல்லிவிட்டு சென்டருக்குப் போனேன். பேரனின் முகம் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே, முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டுத் தேடினேன். ரெகார்டு ரூமில் தேடும்போது நமக்கு வேண்டியதைச் சொல்லக் கூடாது, காகிதத்தில் இருக்கும் வார்த்தையைச் சொல்ல வேண்டும். இயந்திரத்துக்கும் அதுவே பொருந்தியது. பேரனின் முகத்தை முழுதாகப் பார்த்த பெண்மணி கிடைத்தாள். மணிலாவில் இருந்தாள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் இருந்தாள். ஒரு ஊரில் அறுபது வயது, இன்னொன்றில் நாற்பத்திநான்கு. எல்லா ஊரிலும் அதே பேரன்.

திரும்பி வந்தேன். அவள் கைப்பையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சொன்னேன்.

கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு, "எத்தன ஊருங்க அவளுக்கு! எனக்கு இந்த ரோட்டத் தாண்டவே உங்க கை வேண்டியிருக்கு," என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். "எல்லாத்தையும் தள்ளுபடி பண்றீங்களே, ஒண்ணாச்சும் பாஸ் பண்ணுவீங்களா மாட்டீங்களா?"

நியாயமான கேள்வி. பாஸ் செய்வதற்காகவே அடுத்த வாரங்களில் போனேன். ஒருநாள் 'குணம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு நோயின் பெயரை மட்டும் போட்டேன். எண்ணெய்கள் கீழே எங்கோ போய்விட்டன. அவை இத்தனை நாளும் மேலே வந்து நின்றது நான் கூப்பிட்டதால்தான். நான் ஆசைப்பட்டதை எழுதினேன். இயந்திரம் அதையே ஆதாரமாக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது மேலே வந்தது ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் பக்கம். படமில்லை, விற்பனை இல்லை. எழுதியவர்களின் பெயர், படிப்பு, கடைசியாகத் திருத்திய தேதி, எதை எங்கிருந்து எடுத்தோம் என்ற குறிப்பு, எது தங்களுக்குத் தெரியாது என்ற ஒப்புதல். பணிக்காலம் முழுவதும் இப்படி ஒரு ஒழுங்கான காகிதம் என் மேசைக்கு வந்ததில்லை.

"ப்ரிண்ட் பேகா, சார்?" என்றார் கடைக்காரர், பிரிண்ட் வேண்டுமா என்று கன்னடத்தில். எடுத்துக்கொண்டேன்.

அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஜன்னல் பக்கம் உட்கார்த்திவைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நோய் எப்படி வருகிறது, எப்படிப் போகும். டாக்டர் சொன்னதேதான், இன்னும் நல்ல வாக்கியங்களில். கடைசிப் பத்திக்கு வந்து நிறுத்தினேன்.

"ஏன் நின்னுட்டீங்க? அங்கதான் ஏதோ இருக்கு."

"ஒண்ணுமில்ல. தொண்ட கட்டிக்கிச்சு."

"மாத்திச் சொல்லாதீங்க. உங்க குரல எனக்குத் தெரியாதா? உள்ளது உள்ளபடி படிங்க."

படித்தேன். "இப்போதைக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லை. ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன."

அவள் தலையைத் திருப்பி, என் முகம் தன் வட்டத்துக்குள் வரும்வரை தேடினாள்.

"அப்போ பரிசீலனெயல்லிதெ," என்றாள்.

அது எங்கள் வீட்டு வார்த்தை. பரிசீலனையில் இருக்கிறது என்று மனுதாரர்களுக்கு நான் கன்னடத்தில் எழுதிய பதில்களின் கடைசி வரி. கல்யாணமான புதிதில் அதன் பொருளைக் கேட்டாள். நடக்காது, ஆனால் நாங்கள் சொல்லவில்லை என்று பொருள் என்றேன். அதிலிருந்து அவள் கிரைண்டர் கேட்டபோதும், ஊட்டி போகலாம் என்றபோதும், நான் அந்த வார்த்தையைச் சொல்வேன், அவள் பூரிக்கட்டையைக் காட்டுவாள். அன்று பூரிக்கட்டை எதுவும் இல்லை.

"ஆமா," என்றேன்.

"இது ஒண்ணுதான் பாஸ் ஆச்சா?"

"இது ஒண்ணுதான்."

"நல்ல ஆபீஸ்ங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அதன்பிறகும் அந்தப் பக்கத்தை அவ்வப்போது போய்ப் பார்த்தேன். வீட்டுக்கே கம்ப்யூட்டர் வந்தபிறகும் பார்த்தேன். ஆண்டுதோறும் தவறாமல் திருத்தி, புதுத் தேதி போட்டு வெளியிட்டார்கள். மேற்கோள்கள் கூடின, ஒரு புதிய படம் வந்தது. கடைசி வரி மட்டும் அப்படியே இருந்தது. நம்பகமான இடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வட்டம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்த வருடத்திலிருந்து அவள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் சமையலறையிலிருந்து ஒன்றே ஒன்று கேட்பாள்.

"தேதிய மாத்திட்டாங்களா?"

"மாத்திட்டாங்க."