லீ சார் வராத நாள்

மொழிபெயர்ப்பாளர் வேலையில் சொந்தமாக எதுவும் பேச வேண்டியதில்லை என்பதால்தான், நாலு பேர் முன் வாய் திறக்கக் கூசும் நான் அதில் சேர்ந்தேன். இரண்டு பேருக்கு நடுவில் நின்று இருவரிடமும் திட்டு வாங்கியவர்களுக்கு மற்றது புரியும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு காலணி ஆலை. சீனத் தையல் இயந்திரங்களைப் பொருத்த லீ என்ற பொறியாளர் சீனாவிலிருந்தே வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பயிற்சியில் இருந்த காஞ்சிபுரத்துப் பெண்களுக்கு வேலை உறுதி. மேற்பார்வையாளர் செல்வம் அண்ணன் ஐயம்பேட்டைக்காரர். முன்பு பட்டுத்தறி நெய்தவர்.

இலையில் மீந்த சோறு

செல்வம் அண்ணன் லீ சாரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். லீ சார் ரசித்துச் சாப்பிட்டு, கடைசியில் ஒரு கைப்பிடிச் சோற்றை இலையிலேயே விட்டார். அண்ணியின் முகம் வாடிவிட்டது. "அவங்க பக்கம் மிச்சம் வச்சா வயிறு நிறைஞ்சதுன்னு அர்த்தம், காலி பண்ணா போதலன்னு அர்த்தம்" என்று விளக்கினேன்.

செல்வம் அண்ணன் சொன்னார்: "இங்க காலி பண்ணாலும் வுட மாட்டோம், மிச்சம் வச்சாலும் வுட மாட்டோம். அத்தச் சொன்னியாமா?"

கருட சேவை லீவு

ஊரில் கருட சேவைத் திருவிழா நடக்கும் அன்று பயிற்சியைத் தள்ளி வைக்கலாமா என்று பெண்கள் கேட்டார்கள். "யோசித்துப் பார்க்கிறேன்" என்றார் லீ சார். அப்படியே சொன்னேன். பெண்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அன்று ஒருவரும் வரவில்லை. இயந்திரங்களுக்கு நடுவில் லீ சார் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் பயிற்சியில் இருந்த மேரி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்: "எங்க மாமியாகூட எதக் கேட்டாலும் ‘பாக்கலாம்’னுதான் சொல்லும். அப்டின்னா முடியாதுன்னு எனக்கே தெரியும். இவரு சொன்னதும் அதேதான்னு சீனம் படிச்ச உனக்குத் தெரியாதா?"

அறுந்த நூல்

முதல் ஜோடிக் காலணியைத் தைக்கும்போதே நூல் அறுந்தது. எல்லாப் பெண்களுக்கும் முன்னால் செல்வம் அண்ணன் கத்தினார். "இவ்ளோ இறுக்கமா வச்சா அறுந்துக்கினுதான் இருக்கும். தறியில உக்காந்தவன் சொல்றேன், தப்பா வச்சிருக்காருன்னு சொல்லுமா!"

ஒரு சொல் விடாமல் சொன்னேன். லீ சார் சிரித்தார். கருவிப் பெட்டியை மூடினார். மறுநாள் வரவில்லை. உடம்பு சரியில்லையாம், ஊருக்குத் திரும்ப டிக்கெட் கேட்டிருக்கிறாராம். பெண்கள் என்னையே பார்த்தார்கள்.

அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் அத்தனை பேர் முன் நடந்த அவமானத்தை மறுபடி எடுத்து வைத்ததாகிவிடும். "நூலின் இறுக்கம் வைப்பது செல்வத்துக்குப் பிடிபடவில்லை. தனியாக ஒரு முறை சொல்லித் தருவீர்களா?" என்றேன். யாரும் சொல்லாத ஒன்றை நான் மொழிபெயர்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் பெண்கள் வருவதற்கு முன்பே லீ சார் வந்துவிட்டார். நூலை இறுக்கும் திருகைத் தளர்த்திக்கொண்டே பொறுமையாகப் பாடம் நடத்தினார். அப்புறம் நூல் அறுபடவில்லை. சாயங்காலம் எல்லோர் முன்னாலும் செல்வம் அண்ணனை நல்ல மாணவர் என்று பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

செல்வம் அண்ணன் என் பக்கம் குனிந்தார்: "நான் சொன்னதையே எனக்குச் சொல்லிக் குடுத்தாரும்மா. நானும் புச்சா கேக்குறா மாதிரி தலைய ஆட்டிக்கினு இருந்தேன்."

நாடுகளுக்கு நடுவில் பெரியவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ தெரியாது, ஆனால் அங்கேயும் பாதி வேலை இப்படித் தெரிந்த பாடத்துக்குத் தலையாட்டுவதாகத்தான் இருக்கும்.